உறைநிலை காட்டும் மதுவின் அளவு

தூய நீர் 0 டிகிரி செல்சியசில் உறைகிறது. உப்பு நீர் உறைய அதனினும் கூடுதலான குளிர் தேவை. இதனை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த எளிய உண்மையைக் கொண்டே, இரத்தத்தில் எவ்வளவு மது கலந்துள்ளது என்பதை மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் மதிப்பிட முடியும். எங்ஙனம் என்று காண்போமா?

துகள்களை எண்ணும் கருவி

ஒரு கரைசலின் உறைநிலை எவ்வளவு தாழ்கிறது என்பது, அதில் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அவை எவ்வகைத் துகள்கள் என்பதைப் பொறுத்ததன்று. ஒரு கிலோகிராம் நீரில் 1000 மில்லி ஆஸ்மோல் துகள்கள் கரைந்திருந்தால் உறைநிலை 1.86 டிகிரி தாழும். நலமுள்ளவரின் இரத்தச் சீரத்தில் ஏறத்தாழ 275 முதல் 295 மில்லி ஆஸ்மோல் வரை இருக்கும். ஆதலால் அது சுமார் –0.54 டிகிரியில் உறையும். இதனை அளக்கும் கருவிக்கு ஆஸ்மோமீட்டர் என்று பெயர்.

கணக்கும் அளவும்

சீரத்திலுள்ள துகள்களில் பெரும்பங்கு மூன்று பொருள்களால் வருவது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நோயாளி ஒருவரின் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல். ஒவ்வொரு சோடியம் அயனிக்கும் துணையாக ஓர் எதிர் அயனி உண்டு. எனவே இரண்டால் பெருக்க, 280. குளுக்கோஸ் 100 மில்லிலிட்டரில் 90 மில்லிகிராம். 18-ஆல் வகுக்க, 5. யூரியா 30 மில்லிகிராம். 6-ஆல் வகுக்க, 5. கூட்டுத்தொகை 290.

ஆனால் ஆஸ்மோமீட்டர் 340 என்று காட்டுகிறது! மிகுதியான 50 எங்கிருந்து வந்தது? கணக்கில் சேராத ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்துள்ளது. இந்த வேறுபாட்டையே ஆஸ்மோல் இடைவெளி என்கிறோம். வழக்கமாக இது 10-க்குள் அடங்கும்.

அப்பொருள் எத்தனால், அதாவது சாதாரண மது எனில், அதன் மூலக்கூறு எடை 46. எனவே 50-ஐ 4.6-ஆல் பெருக்க, 100 மில்லிலிட்டரில் சுமார் 230 மில்லிகிராம். மெத்தனால் எனில், மூலக்கூறு எடை 32, 3.2-ஆல் பெருக்க, 160 மில்லிகிராம்.

நம் நாட்டில் வாகன ஓட்டிகளுக்குச் சட்டம் விதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். அது உண்டாக்கும் இடைவெளி 7-க்கும் குறைவு. ஆகவே, குடித்து வண்டி ஓட்டியவரைக் கண்டறிய இம்முறை பயன்படாது.

எங்கே பயன்படும்?

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையேயுள்ள சேரப்பணஞ்சேரிச் சுற்றுவட்டாரம் இன்று தொழிற்சாலைகள் மிகுந்த பகுதி. மெத்தனால் தொழில்துறையில் கரைப்பானாகப் பயன்படுவது. எத்திலீன் கிளைக்கால் வாகன ரேடியேட்டர் நீரில் சேர்க்கப்படுவது. இரண்டும் குடித்தால் நஞ்சு. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நேர்ந்த கேட்டில் இறந்தோர் 60-க்கும் மேல்.

மெத்தனாலைத் தனியே பிரித்து அளக்க வாயு வண்ணப்பிரிகைக் கருவி வேண்டும். அது எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. எத்தனால் சோதனையில் ஒன்றும் தென்படாமல் இடைவெளி மட்டும் 50 என்றால், மருத்துவர் உடனே மெத்தனாலை ஐயுறலாம். முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

காலம் மாற்றும் கணக்கு

ஆனால் ஓர் எச்சரிக்கை. கல்லீரல் மெத்தனாலைப் படிப்படியாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண் நரம்பைக் கெடுப்பது இந்த அமிலமே. இதிலிருந்து வரும் ஃபார்மேட் அயனி, சோடியத்தின் துணை அயனியாக நிற்பதால், நம் கணக்கில் முன்பே சேர்ந்துவிடுகிறது. எனவே நேரம் ஆக ஆக இடைவெளி சுருங்கும். இரத்தத்தின் அமிலத்தன்மையோ ஏறும். தாமதமாக வந்த நோயாளியிடம் இடைவெளி இயல்பாக இருந்தால், நஞ்சு இல்லை என்று கொள்ளலாகாது. அப்போது அமிலத்தன்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குடித்தவருக்குப் பார்வை மங்குவதற்குள் அரை நாளோ ஒரு நாளோ கடந்துவிடலாம். ஆதலால், ஒரே சாராயத்தைக் குடித்தவர்களுள் ஒருவர் நோயுற்றாலும், நலமாகத் தோன்றும் மற்றவர்களையும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் மிகுந்த பயன் தருவது அந்த நேரத்தில்தான்.