அத்தை கேட்ட சம்பளக் கேள்வி

“மாசம் முழுக்க ஆபீசுக்குப் போற, வேலையும் செய்யற, சம்பளம் மட்டும் கிடையாதுங்கற. அப்புறம் எதுக்கு பாப்பா போகணும்?”

திண்டிவனத்தில் பல வருடமாகத் தையல் கடை வைத்திருக்கும் அத்தையின் கேள்வி இது. இன்டர்ன்ஷிப் என்றால் அப்படித்தான் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல், ஜர்னலிசம் படிக்கும் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி எழுகிறது, சரியான பதில் கிடைப்பதில்லை. அதனால் டீ குடித்தபடி அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் சென்னையில் விஸ்காம் படிக்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம். செமஸ்டர் லீவில் ஒரு பத்திரிகையிலோ, டிவியிலோ, யூடியூப் சேனலிலோ சேர்ந்து வேலை பார்த்து, சான்றிதழும் ரிப்போர்ட்டும் கொண்டுவந்தால்தான் மார்க். நான் சேர்ந்தது ஒரு செய்தி நிறுவனத்தின் டிஜிட்டல் டெஸ்க்கில். வடகிழக்குப் பருவமழை நேரம்.

அங்கே என்ன வேலை என்பதை அத்தையின் ஃபோனை வைத்தே காட்டினேன். குடும்ப குரூப்பில் சதுரமாக ஒரு படம் வந்திருந்தது. மூலையில் ஒரு சேனலின் லோகோ, நடுவில் மழையில் குடை பிடித்துப் போகும் பள்ளிப் பிள்ளைகள், கீழே சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. இதுதான் நியூஸ் கார்டு. இன்றைக்குப் பாதிப் பேர் பேப்பரைப் பிரிப்பதில்லை, டிவியையும் போடுவதில்லை. இந்தச் சதுரத்தைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்துகொள்கிறார்கள்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இதற்கென்று ஒரு டெம்ப்ளேட் உண்டு. பெரும்பாலும் 1080க்கு 1080 பிக்சல். லோகோவின் இடம், பட்டையின் நிறம், எழுத்துரு எல்லாம் முன்பே முடிவானவை. டெஸ்க்கில் இருப்பவர் படத்தை மாற்றி, வரியைத் தட்டி, தேதி போட்டு, சப் எடிட்டரிடம் காட்டிவிட்டுப் போஸ்ட் செய்ய வேண்டும். பழகிய கைக்குச் சில நிமிடங்கள் போதும். கஷ்டமெல்லாம் அந்த இரண்டு வரியில்தான். ‘விழுப்புரத்தில் விடுமுறை’ என்று யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா? மாவட்டம் முழுக்கவா, இரண்டு தாலுகாவுக்கா? இன்றைக்கா, நாளைக்கா? கலெக்டரே அறிவித்தாரா, யாரோ சொன்னதா? இதில் ஒன்று தவறினாலும் நனைந்துகொண்டு ஸ்கூல் வாசலில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. தேதி போடாமல் விட்ட கார்டு அடுத்த வருடம் மழையில் மறுபடி சுற்றும்.

போலி கார்டுகளும் இதே சதுரத்தில்தான் வருகின்றன. ஒரு சேனலின் உண்மையான கார்டை எடுத்து, வரியை மட்டும் அழித்துவிட்டு, அரசியல்வாதியோ நடிகரோ சொல்லாத ஒன்றை எழுதிவிடுவார்கள். அத்தைக்கு உண்மையானது ஒன்றும் போலி ஒன்றுமாக இரண்டு கார்டை அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன். நிறுவனங்கள் தங்களுக்கென ஒரே தமிழ் எழுத்துருவை வைத்திருக்கும். போலியில் கைக்குக் கிடைத்த எழுத்துரு இருக்கும். சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்; டிசைன் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் அப்படி ஆகும். வரிகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இருக்காது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது: அந்த சேனலின் பக்கத்துக்கே போய் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அத்தை அந்தப் போலி கார்டைத் தேடிப் பார்த்தார். இல்லை. உடனே, அது போலி என்று குரூப்பில் எழுதியும் போட்டார்.

“சரி, நிதானமாப் பாத்துப் போட வேண்டியதுதானே, எதுக்கு இவ்வளவு அவசரம்?” என்றார். காசு எப்படி வருகிறது என்று சொன்னால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. அதில் ஏதாவது மாற்றம் என்று தம்ப்நெயில் பார்த்தால் அத்தை அழுத்திவிடுவார். விஷயம் ஒரு வரிதான் இருக்கும், வீடியோ எட்டு நிமிடத்தைத் தாண்டி ஓடும். யூடியூபில் எட்டு நிமிடமாவது ஓடும் வீடியோவுக்குத்தான் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பது விதி. சாதாரண வீடியோவில் விளம்பரத்தால் வருகிற வருமானத்தில் சேனலுக்கு 55 சதவீதம், மீதி யூடியூபுக்கு. ஷார்ட்ஸ் என்றால் சேனலுக்கு 45. அந்த விளம்பரப் பங்கு வரத் தொடங்கவே 1,000 சப்ஸ்கிரைபரும், ஓராண்டில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்ததும் கணக்கில் இருக்க வேண்டும். அல்லது அந்த 4,000 மணி நேரத்துக்குப் பதில் 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேனல் தொடங்கியவர் ஏன் நாளுக்கு நாலு வீடியோ போடுகிறார் என்று இப்போது புரியும். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானது, 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது, அடுத்த சில மாதங்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் வந்துவிட்டன. அப்புறம் செய்தி நிறுவனங்களும் இந்த ஓட்டத்தில் சேர்ந்துகொண்டன. முதலில் போட்டவருக்கு வியூஸ் அதிகம். அதனால் டெஸ்க்கில் எப்போதும் நாலு கை கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்தக் கைகளில் சில, என்னைப் போன்ற இன்டர்ன்களுடையவை.

இந்த வேகத்தில் நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்தில் வயல்வெளியில் சமைத்துக் காட்டிய ஒரு குடும்பத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது. அந்த அளவை எட்டிய முதல் தமிழ் சேனல் அது. 2019 மே மாதம், ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலுவின் நேசமணி பாத்திரத்துக்காகத் தமிழர்கள் விளையாட்டாகப் பிரார்த்தனை செய்ய, அது பிரதமர் பதவியேற்ற நேரத்தில் ட்விட்டரில் ட்ரெண்ட் ஆனது. படம் வந்தது 2001இல். யாரோ கேட்ட, இது என்ன கருவி என்ற சின்னக் கேள்விக்கு ஒரு தமிழர் எழுதிய பதிலில் தொடங்கியது எல்லாம். யார் இந்த நேசமணி என்று வெளி மாநிலத்துக்காரர்கள் நிஜமாகவே தேடினார்கள். ஒரு பண்பாட்டுக்குள் இருப்பவருக்குச் சிரிப்பாக இருப்பது, வெளியே இருப்பவருக்குச் செய்தி போலத் தெரியும். இரண்டும் ஒரே திரையில், ஒரே வடிவத்தில் வருவதால் அப்படி.

நேசமணியால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிய நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஊர்க்காரர்கள் சூழ்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். நாட்டின் பல இடங்களிலும் இப்படி நடந்த பிறகுதான் ஜூலையில், இந்தியாவில் ஒரு மெசேஜை ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களைப் பரப்பினார்கள். சில செய்தி நிறுவனங்களே அதை வெளியிட்டன. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று அந்தத் தொழிலாளர்கள் பயந்தது பயந்ததுதான்.

ஆக, அந்த இரண்டு வரியைத் தட்டுகிற ஆள் யார், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

டெஸ்க்கில் ஒரு நாள் வீடியோ ஒன்று வந்தது. ஏரிக்கரை, கல்கட்டு, அதன் மேல் சீராக வழியும் தண்ணீர். அனுப்பியவர் ‘ஏரி உடைந்தது, ஊருக்குள் வெள்ளம்’ என்று குறிப்பு எழுதியிருந்தார். கார்டு தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் போகும். ‘ஏரி கோடி போவுது’ என்று சொல்லி ஊரே கூடி வேடிக்கை பார்க்கும், சிலர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அந்த வீடியோவில் இருந்ததும் அதுதான்; கரையில் எங்கும் மண் சரியவில்லை. சப் எடிட்டர் மேடத்திடம் சொன்னேன். அவர் என்னை நம்பிவிடவில்லை. என்னையே எதிரில் உட்காரவைத்து மாவட்ட நிருபருக்கு ஃபோன் போட்டார், அப்புறம் நீர்வளத் துறை அதிகாரியிடம் கேட்டார், தலைப்பை ‘ஏரி நிரம்பி உபரி நீர் வெளியேற்றம்’ என்று மாற்றச் சொன்னார். “யாரு சொன்னா, எப்ப சொன்னா, நீ யார்கிட்ட கேட்ட? இந்த மூணையும் எழுதி வச்சுட்டு அப்புறம் டைப் பண்ணு” என்றார். கல்லூரியில் மூன்று வருடமாகப் படித்ததை அந்த அரை மணி நேரத்தில்தான் கையால் தொட்டேன்.

“அப்ப உனக்கும் பிரயோஜனம், அவங்களுக்கும் பிரயோஜனம். அவங்க ஏன் காசு தரல?” அத்தை விடவில்லை. “என் கடைக்கு ஹெம்மிங் பண்ண, ஹூக்கு வைக்க வர்ற பொண்ணுக்கு முதல் நாள்லேருந்து டீ வாங்கித் தரேன், வாரக் கடைசியில கைச்செலவுக்குத் தரேன். கட்டிங்கும் சொல்லித் தரேன். நான் ஒண்ணும் பெரிய கம்பெனி இல்ல.”

சட்டத்தில் இடைவெளி இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்பவருக்கு ஒப்பந்தம் உண்டு, உதவித்தொகை உண்டு. 2019இல் கொண்டுவந்த விதி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தது. படிப்பின் பகுதியாக இன்டர்ன் என்று போகிற எங்களுக்கு அப்படிக் கட்டாயமாக எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள், ஆனால் முழு நேரக் கல்லூரிப் படிப்பில் இருப்பவர்கள் அதில் சேர முடியாது என்றும் விதி வைத்தார்கள்.

எனக்கு எப்படி முடிந்தது? சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது. தாம்பரத்தில் சித்தி வீடு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் என்னை அந்த டெஸ்க்கில் உட்காரவைத்தன. என் வகுப்பில் என்னைவிட நன்றாக எழுதும் ஒரு பையன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவன். லீவில் ஹாஸ்டலை மூடிவிடுவார்கள். வெளியே ரூம் எடுத்தால் வாடகையும் சாப்பாடும் சேர்ந்து அவன் வீட்டால் தாங்க முடியாது. ஊருக்குப் போய் மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, டவுனில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் சான்றிதழ் வாங்கிவந்தான். நாளைக்கு வேலைக்கு ஆள் எடுக்கும்போது என் பயோடேட்டாவில் டிஜிட்டல் டெஸ்க் இருக்கும், அவனுடையதில் இருக்காது. மானாமதுரையைப் பற்றியோ கண்மாய் பற்றியோ ஒரு கார்டு தயாராகும் நாளில், அங்கே விஷயம் தெரிந்த அவன் இருக்க மாட்டான். சம்பளம் தராத இன்டர்ன்ஷிப்பால் நஷ்டப்படுவது அவன் மட்டுமில்லை; தப்பான கார்டைப் படிக்கும் அத்தையும்தான்.

கற்றுக்கொடுப்பதே சம்பளம் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. கற்றுக்கொடுத்தால் அந்தப் பேச்சில் பாதி நியாயமாவது இருக்கும். என் சீனியர்கள் சிலர் போன இடங்களில் முழு லீவும் சப்டைட்டில் அடித்தும், அடுத்த சேனல் வீடியோவைப் பார்த்து ஸ்கிரிப்ட் எழுதியும் திரும்பினார்கள். அவர்கள் எழுதியதை யாரும் உட்கார்ந்து திருத்தவில்லை. தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல பத்தாண்டுகள் நடந்திருக்கிறது. மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஊரிலிருந்தே எழுதவைத்து, அவர்கள் பெயரிலேயே கட்டுரை போட்டார்கள். அதில் வந்த பலர் இன்று தமிழ் ஊடகங்களில் இருக்கிறார்கள். மாணவர் சென்னைக்குக் குடிவராமலேயே செய்தி எழுதப் பழகலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

அத்தைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வேலை கற்கப் போனேன், கற்றேன், ஆனால் காசு தராதது தப்பு.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும், செய்தி நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இன்டர்ன் செய்த கார்டு உங்கள் லோகோவில் போகிறதென்றால், அவருக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் தங்க ஓரளவு உதவித்தொகையும் கொடுங்கள். கல்லூரித் துறைத் தலைவர்கள் இன்டர்ன்ஷிப் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, அங்கே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது யார், உதவித்தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்காக லீவிலும் ஹாஸ்டலைத் திறந்துவையுங்கள்.