பழகிய கை தூங்கிவிடும்!

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது திருமழபாடி. பங்குனி மாதம் புனர்பூசத்தன்று இங்கே நந்திக்குக் கல்யாணம்! மாப்பிள்ளை ஊர் திருவையாறு. பெண் ஊர் திருமழபாடி. ஆண்டுதோறும் அதே மாப்பிள்ளை, அதே பெண். ஆனாலும் பார்க்க வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

இந்தக் கல்யாணத்துக்கு ஒருவர் நோட்டீஸ் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு யோசித்து யோசித்துச் செய்வார். இரண்டாம் ஆண்டு கொஞ்சம் மாற்றுவார். மூன்றாம் ஆண்டு? பழைய நோட்டீஸில் தேதியை மட்டும் மாற்றிவிடுவார்! கம்ப்யூட்டர் வந்த பிறகு அது இன்னும் சுலபம்.

கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, விளம்பரம் ஆகியவற்றை அமைத்துப் பிழைப்பவர்களைப் பிடிக்கும் நோய் இது. வேலை நடக்கும். கூலியும் வரும். ஆனால், கை தூங்கிவிடும்!

இதற்கு மருந்து உண்டா? உண்டு. ஓவியர் கோபுலுவின் வாழ்க்கையில் அது இருக்கிறது.

மாப்பிள்ளை ஊரில் ஆரம்பம்

கோபுலு 1924-ல் பிறந்தவர். இயற்பெயர் கோபாலன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தார். 1941-ல் 'ஆனந்த விகடன்' ஓவியர் மாலி அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பினார். தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ராம பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைய வேண்டும். அந்தப் படம் தீபாவளி மலரில் வெளிவந்தது. 'கோபுலு' என்று பெயர் சூட்டியவரும் மாலிதான்.

1945-ல் விகடனில் நிரந்தர வேலை கிடைத்தது. பேச்சே இல்லாத நகைச்சுவைப் படங்கள் வரைந்தார். 'தில்லானா மோகனாம்பாள்' கதைக்கு உயிர் கொடுத்தார். சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' கதைக்கும் அவர்தான் ஓவியர். வீடுதோறும் அவர் பெயர் தெரிந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை!

மறுபடியும் மாணவர்

1963-ல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். அப்போது வயது 39. கதைக்குப் படம் போடுவது வேறு. ஒரு சோப்பையோ துணியையோ நாலே கோடுகளில் மனத்தில் பதிய வைப்பது வேறு. அதையும் கற்றார். 1972-ல் 'ஆட் வேவ்' என்ற விளம்பர நிறுவனத்தைத் தாமே தொடங்கினார். 'குங்குமம்' பத்திரிகையின் சின்னம் அவர் கைவண்ணமே.

முதுமையில் பெரிய சோதனை வந்தது. பக்கவாதம் தாக்கியது. வலது கை வசப்படவில்லை. ஓவியனுக்குக் கை போனால் என்ன மிச்சம்?

இடது கை மிச்சம் இருந்தது! பள்ளிப் பிள்ளையைப் போல அதைப் பழக்கினார். அந்தக் கையாலும் படம் வரைந்தார். 2015-ல் மறைந்தார்.

வீட்டுக்கு ஒரு பாடம்

கோபுலுவின் திறமை எல்லோருக்கும் வாய்க்காது. அவருடைய பழக்கம் யாருக்கும் வாய்க்கும். தெரிந்த வேலையைச் செய்துகொண்டே தெரியாத வேலை ஒன்றைக் கற்பது, அவ்வளவுதான். கோலம் போடும் பெண்ணுக்கும், தச்சருக்கும், கம்ப்யூட்டர் முன் உட்காரும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

அடுத்த பங்குனியிலும் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை பழையவர்தான். நோட்டீஸாவது புதிதாக இருக்கட்டுமே!