வாசனைக்கு வெட்டிவேர்: நிலம் பார்த்து நடுங்கள்

நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில் தாய்லாந்து மக்களும் சொங்கிரான் என்னும் புத்தாண்டைக் கொண்டாடுகிறார்கள். அன்று பெரியவர்களின் கையில் வாசனை நீர் வார்த்து ஆசி பெறுவது வழக்கம். பூக்களை ஊறவைத்து, வாசனைத் திரியின் புகையை மூடிய பாத்திரத்தில் ஏற்றி அந்த நீரைத் தயாரிப்பார்கள். இத்தகைய மூலிகை வாசனைக்கு நாமும் பயிர் செய்யலாமே என்று எண்ணும் உழவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வெட்டிவேர். வெளிநாட்டு வாசனைத் தைலக்காரர்களும் 'வெட்டிவேர்' என்ற நம் தமிழ்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் தாய்லாந்தில் இந்தப் புல்லுக்குப் பெருமை வந்தது வாசனையால் மட்டும் அன்று. 1991-ல் பூமிபோல் மன்னர் இதைச் சரிவான நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்க நடச் சொன்னார். சமஉயரக் கோட்டில் நெருக்கமாக நட்டால், வேர் நேர்கீழே பல அடி ஆழம் இறங்கும். தூர்கள் ஒன்றுகூடி வேலிபோல் நின்று மழைநீரின் வேகத்தை அடக்கும், வண்டலைப் பிடித்துக்கொள்ளும். அங்கே தாளை அறுத்துக் கூரை வேய்கிறார்கள், கைவினைப் பொருள்களும் முடைகிறார்கள். மண்ணைக் காக்கும் வேரை மட்டும் தொடுவதில்லை.

வாசனை எண்ணெயோ வேரில்தான் இருக்கிறது. எண்ணெய் வேண்டுமானால் தோண்டியாக வேண்டும். ஆகவே ஒரே வரிசையை மண் காக்கவும் எண்ணெய்க்கும் நம்பக்கூடாது. ஜவ்வாது மலைச் சரிவில் (பெயரிலேயே வாசனை உள்ள மலை!) விற்பனைக்காக வேரைப் பெயர்த்தால், அடுத்த மழையில் மேல்மண் ஓடையோடு போய்விடும். சரிவில் வரப்போரம் நட்டுத் தாளை மட்டும் அறுத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக்கு நடுவதானால் சமதளமான மணற்பாங்கான நிலம் வேண்டும். கடலூர் கரையோர மணலில் இப்பயிர் நன்கு வருவதற்குக் காரணம் இதுதான்: வேர் நீண்டு மெல்லியதாக இறங்கும், அறாமல் பெயர்ந்தும் வரும். இறுகிய செம்மண்ணில் கடப்பாரை போட்டால் பாதி வேர் உள்ளேயே அறுந்து நிற்கும். கிடைத்த வேரின் விலையைத் தோண்டிய கூலியே விழுங்கிவிடும். செய்யாறு, தென்பெண்ணைக் கரையோர மணல் கலந்த நிலம் வைத்திருப்போர் முயன்று பார்க்கலாம்.

தென்னாட்டு வெட்டிவேர் விதை போட்டுப் பரவுவதில்லை. களையாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். தூரைப் பிரித்தே நட வேண்டும். 2 அடிக்கு 1 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 22,000 தூர்கள் பிடிக்கும். தாளை அரை அடி உயரத்துக்கு வெட்டிவிட்டு, ஆடி மழையின் ஈரத்தில் நடுங்கள். அடுத்த ஆண்டு வடகிழக்கு மழை ஓய்ந்தபின், தையில், மண் இளகியிருக்கும்போது தோண்டலாம். அதற்குள் 18 மாதம் ஆகியிருக்கும். அவசரப்பட்டு எடுத்த இளவேரில் எண்ணெய் குறைவு.

வேரை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்டால் வாசனை பறக்கும். 100 கிலோ வேரிலிருந்து 1 கிலோ எண்ணெய் வந்தாலே நல்ல வேர் எனலாம். நீராவியில் வடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கும். எண்ணெயின் கனமும் தண்ணீரின் கனமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் பிரித்தெடுப்பதும் எளிதன்று. ஒரு ஏக்கர்காரர் இதற்கென்று கொப்பரை வாங்குவது வீண் செலவு. வேராகவே நாட்டு மருந்துக் கடைக்கும், தட்டி, விசிறி, மாலை கட்டுவோருக்கும் கொடுப்பது மேல்.

நடும் முன்பே வாங்குபவரைப் பார்த்து, எந்த நீள வேருக்கு என்ன விலை, ஈரம் எவ்வளவு தள்ளுவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு 5 சென்டுக்கு மேல் நட வேண்டாம். அதில் ஒரு தூரை ஓராண்டு கழித்துத் தோண்டிப் பார்த்தால், உங்கள் மண்ணில் வேர் எப்படிப் பெயர்கிறது என்பது கையிலேயே தெரிந்துவிடும்.