ஒரே பெட்டிக்குள் பத்து கம்ப்யூட்டர்!
கம்பெனித் தபாலின் ஒண்டுக்குடித்தனம்

(நமது பகுதிநேர நிருபர்)

மும்பை சாலில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே கட்டிடம். மாடிக்கு இருபது கோலி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி அடுப்பு. தண்ணீர்க் குழாய் பொது. பெரிய கம்பெனிகள் பலவற்றின் ஈ-மெயில் இன்று இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது.

சக்தி வாய்ந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் தடுப்புச் சுவர் எழுப்பி, பல கம்ப்யூட்டர்கள் இருப்பது போல நடத்துகிறார்கள். இதற்கு 'வர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். உள்ளே ஓடும் தபால் மென்பொருளோ, முழு வீடும் தனக்கே என்று நினைத்துக்கொண்டு வேலை செய்கிறது!

வெள்ளை மாளிகையில் நடந்தது

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே 'வி.எம்./370' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. ஒரு பெரிய கம்ப்யூட்டர். உட்காரும் ஒவ்வொரு ஊழியருக்கும் அதற்குள் ஒரு தனி கம்ப்யூட்டர். அதன் மேல் ஓடிய 'பிராப்ஸ்' என்ற ஆபீஸ் தபால் முறை 1980-களில் அமெரிக்க வெள்ளை மாளிகைக்குள்ளும் நுழைந்தது.

ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் 1986 நவம்பரில் அம்பலமானது. உடனே தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பாயிண்டெக்ஸ்டர் 5,000-க்கும் மேற்பட்ட தபால்களை அழித்தார். ஆலிவர் நார்த் 700-க்கும் மேல் அழித்தார். தொலைந்தது சனியன் என்று இருந்திருப்பார்கள். ஆனால் காந்த நாடாவில் நகல் இருந்தது! 1987 பிப்ரவரியில் டவர் கமிஷன் அறிக்கையில் அவை வெளிவந்தன.

குழாயடித் தகராறு

இப்போது பல கம்பெனிகளில் ஓடுவது மைக்ரோசாப்டின் 'எக்ஸ்சேஞ்ச்'. வர்ச்சுவல் மெஷினில் ஓட்டினாலும் உதவி உண்டு என்று அந்தக் கம்பெனி சம்மதித்திருக்கிறது. அதிலும் நிபந்தனைகள்.

இது நினைவகத்தைக் குடம் குடமாகக் குடிக்கும். 2019-ம் ஆண்டுப் பதிப்பின் தபால்பெட்டி சர்வருக்கு 128 ஜி.பி. வேண்டும் என்பது பரிந்துரை. பக்கத்துக் கோலிக்குக் கொஞ்சம் பிடுங்கிக் கொடுக்கும் ஏற்பாடு இதற்கு ஆகாது.

'ஸ்நாப்ஷாட்' எடுத்துவைத்து, கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதும் கூடாது. கணக்குப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். உங்கள் பேரேட்டை மட்டும் நேற்றைய தேதிக்குத் திருப்பினால், மற்ற கிளைகளின் பேரேட்டோடு எப்படி ஒத்துப்போகும்?

இரண்டும் சேர்ந்து விழுந்தன

தபால்களின் நகலை 16 சர்வர்கள் வரை பரப்பி வைக்கும் வசதி 2010-ம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். தாங்க வேண்டும்!

தனியார் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர், நெல்லைக்காரர். மாதக் கடைசியில் ஒருநாள் அவர் ஆபீசில் மெயில் நின்றது. சம்பளப் பட்டியலுக்கு அனுமதிக் கடிதம் வரவில்லை. சம்பளம் மறுநாளுக்குப் போனது. ஊருக்கு மணியார்டர் அனுப்பக் காத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

விசாரித்தால், நகல் சர்வர் இருந்திருக்கிறது. ஆனால் அசலும் நகலும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. பெட்டி நின்றது, இரண்டும் போயின! இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் கட்டாயமாகப் பிரித்துவைக்கும் விதியை மென்பொருளில் எழுதிவிடலாம். யாரும் எழுதவில்லை. பெட்டி வாங்கிய பணத்தை மிச்சம் பிடித்ததாக முதலில் பாராட்டு வேறு கிடைத்ததாம்.

இப்போது பிரித்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே ஒரு பெட்டியை நிறுத்திப் பார்த்தார்கள். சில வினாடிகள் தடுமாறி, மெயில் ஓடியது. "அன்றைக்கு எங்களுக்கு ஓவர்டைம் உண்டா என்றுதான் இன்னும் தெரியவில்லை, அண்ணாச்சி" என்றார் நண்பர்.