மாடு சூப்பிய கொட்டையும் பிள்ளையின் பங்கும்

ஆவணி பிறந்தால் மண்கும்பான் பனங்கூடல்களில் பழம் விழத் தொடங்கிவிடும். விடியமுன் எழும்பி ஓடுகிற பிள்ளைக்குப் போட்டி அயல்வீட்டுப் பிள்ளை மட்டுமல்ல, அவிழ்த்துவிட்ட மாடும்தான். மாடு முந்திக்கொண்டாலும் பெரிய நட்டமில்லை. அது சதையைச் சூப்பிவிட்டுப் போட்ட கொட்டையைப் பொறுக்கிவந்து பனம்பாத்தியில் சேர்த்துவிடலாம். மாரி மழையில் முளைவிட்டு, தை பிறந்தபின் கிண்டினால் கிழங்கு. அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பச்சையாகக் காயவிட்டால் ஒடியல். ஒடியல் மா கூழுக்கும் பிட்டுக்கும் போகும். ஒரே பழத்தில் மாட்டுக்கும் வயிறு நிறைந்தது, வீட்டுக்கும் உணவு வந்தது. பொறுக்கியது பிள்ளை.

வேலணைத் தீவிலுள்ள மண்கும்பானை முழுநேர மேய்ப்பர் ஊர் என்று சொல்லிவிட முடியாது. கடல், தோட்டம், பனை, வெளிநாட்டுக் காசு எனப் பிழைப்பு பல வழிகளில் நடக்கிறது. ஆனாலும் ஆடு மாடு வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கென்று வேலை உண்டு. கொக்கத்தடியால் பூவரசங்குழை முறிப்பது, கோடையில் புல் கருகினால் பச்சோலை கிழித்துப் போடுவது, மழை பெய்தபின் வேலியோரம் முசுட்டையும் தூதுவளையும் ஆய்ந்து வருவது. கிழக்காபிரிக்க மசாய் மக்களிடமும் பிள்ளைகளுக்கு வேலை உண்டு, அது வயதுப்படி ஏறும்: சின்னவர்களுக்கு வீட்டருகில் குட்டியும் கன்றும், வளர்ந்தால் ஆட்டு மந்தை, அதன்பின் மாடு.

ஒரு பிள்ளை வீட்டுக்கு எவ்வளவு கொண்டுவரும் என்பதை எது தீர்மானிக்கிறது? 1980களில் நிக்கலஸ் பிளர்டன் ஜோன்ஸ், கிறிஸ்டன் ஹோக்ஸ் முதலிய மானிடவியலாளர் ஆபிரிக்காவின் இரு சமூகங்களை ஒப்பிட்டார்கள். தன்சானியாவின் ஹட்சா பிள்ளைகள் சிறு வயதிலேயே கிழங்கும் பழமும் தேடித் தம் சாப்பாட்டில் நல்ல பங்கைத் தாமே ஈட்டினார்கள். கலகாரியின் குங் பிள்ளைகளோ பெரும்பாலும் குடியிருப்பிலேயே இருந்தார்கள். சோம்பல் காரணமில்லை. ஹட்சாக்களுக்கு உணவும் நீரும் பக்கத்தில் இருந்தன. குங் மக்களின் கொட்டைமரங்களோ நீரில்லாத வெளிக்கு அப்பால், வழி தவறினால் ஆபத்து. பிள்ளையின் சுறுசுறுப்பைவிட நிலத்தின் அமைப்புக்கே அங்கு வலு அதிகம்.

இந்தக் கணக்கில் மண்கும்பான் கொடுத்துவைத்த ஊர். உவர்நீர் மலிந்த தீவகத்தில் இங்குள்ள மணற்பிட்டிகள் மழைநீரை உறிஞ்சி நன்னீராக வைத்திருக்கின்றன. அயலூர்களும் இந்தத் தண்ணீரை நம்பியிருந்தன. கிணறு பக்கம், பனை பக்கம், ஆடு பக்கம். அதனால்தான் பள்ளிக்குப் போகுமுன் ஒரு கடகம் பழம் வீடு வந்து சேர முடிகிறது.

பிள்ளைகள் செய்யும் இந்த வேலைகளைச் சிறுவர் தொழில் என்று பயப்பட வேண்டியதில்லை. அழகான பழமை என்று கொண்டாடவும் வேண்டாம். இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 2021இல் 16 ஆக உயர்ந்தது. குழை முறிப்பதற்காகப் பள்ளிக்கூடம் தவறினால் அது பிழை. பொம்பிளைப் பிள்ளை மட்டும் தவறினால் இரட்டைப் பிழை.

அதைவிடப் பெரிய சேதம் வேறு பக்கத்தால் நடக்கிறது. மண்கும்பானில் மணல் அகழ்வு பல காலத்துப் பிரச்சினை. மணற்பிட்டி போனால் நன்னீர் உவர்க்கும், தண்ணீருக்கும் தீனிக்கும் நடக்கவேண்டிய தூரம் கூடும். மணல் ஏற்றவரும் உழவு இயந்திரத்தைக் கண்டால் பிரதேச செயலகத்துக்கு முறையிடுங்கள்.