நாடி பார்க்கும் பொறி

நாடி பிடித்துப் பார்ப்பது மருத்துவரின் கைத்திறன் என்றே நம் முன்னோர் கருதி வந்தனர். இன்றோ சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகங்களில் நோயாளியே ஒரு பொறியின் முன் அமர்ந்து, கையை நீட்டி, தம் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அளந்துகொள்கிறார். உயரம், எடை ஆகியவற்றையும் அவ்வாறே காண்கிறார். தாதியரின் நேரம் மிச்சப்படுகிறது. வரவேற்க வேண்டியதே. ஆயினும் அளக்கும் வேலையோடு, சரியாக அளக்கும் பொறுப்பும் நோயாளியிடமே வந்துவிட்டது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி 1896-இல் புயத்தில் காற்றுப்பட்டை கட்டிப் பாதரசத்தால் அழுத்தம் அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ், பட்டைக்குக் கீழே குழல் வைத்து, இரத்தம் மீண்டும் பாயும் ஓசையைக் கேட்டு மேலழுத்தத்தையும் கீழழுத்தத்தையும் அறியும் முறையைக் கூறினார். தோட்ட மருந்தகங்களில் டிரெசர்கள் காதில் குழல் மாட்டிச் செய்தது இதுவே. இன்றைய பொறிக்குப் பெரும்பாலும் காது இல்லை. பட்டை தளரும்போது நாளத்தின் துடிப்பால் காற்றில் எழும் சிற்றதிர்வுகளை அது உணர்கிறது. அதிர்வு மிகுதியாகும் இடம் சராசரி அழுத்தம். மேல் எண்ணும் கீழ் எண்ணும் அவ்வதிர்வுகளிலிருந்து கணக்கிட்டுப் பெறுபவை. ஆதலால் நாடி ஒழுங்கின்றித் துடிப்பவரிடம் இக்கணக்குத் தவறலாம். அத்தகையோர் தாதியிடம் முன்னரே சொல்லிவிடுவது நன்று.

தாதி பட்டை கட்டியதோடு நின்றாரில்லை. சற்று அமரச் சொன்னார், பேசாதிருக்கச் சொன்னார், புயத்திற்கேற்ற பட்டையைத் தேர்ந்தார். அவையும் அளவையின் பகுதிகளே. அளக்குமுன் 5 நிமிடமேனும் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். அதற்கு முந்திய அரை மணியில் காப்பியும் புகையும் ஆகா. சிறுநீரை அடக்கிக்கொண்டு அளத்தலும் கூடாது. முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போட்டால் எண் ஏறும், பேசினாலும் ஏறும். தடித்த புயத்தில் சிறிய பட்டை கட்டினாலும் அவ்வாறே. புயம் இதயத்தின் மட்டத்தில் இருத்தல் இன்றியமையாதது. இஃது ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் விளக்கத்தக்க நீர்மட்டக் கணக்கு. புயம் 10 செண்டிமீட்டர் தாழ்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடித் தோன்றும். 132 உள்ளவர் 140 காட்டி நோயாளிப் பட்டியலில் ஏறிவிடுவார்!

சில நிலையங்களில் விரலில் கவ்வும் கருவியும் உண்டு. ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1974-இல் வெளியிட்ட கொள்கையில் பிறந்தது அது. சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலை ஊடுருவ, இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு என்று கணிக்கிறது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அதனை ஏமாற்றும். தோலின் நிறமும் ஏமாற்றக்கூடும். உயிர்வளி உண்மையில் குறைந்திருந்தும் கருவி அதனைக் காட்டத் தவறியது, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மும்மடங்கு என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. கருநிறத் தோலுடைய நம்மவர் இதனை மனத்தில் வைத்தல் தகும். மூச்சுத் திணறுகையில் எண் நன்றாயிருக்கிறதென்று வாளாவிருத்தல் கூடாது.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதும், அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை அறியாதிருப்பதும் தெரியவந்தன. எனவே பொறி பெருகட்டும். ஆனால் திரையிலுள்ள குறிப்பை நம் முதியவர்கள் படித்து முடிப்பதற்குள் பட்டை இறுகத் தொடங்கிவிடுகிறது. இங்கேதான் தமிழாசிரியருக்கு வேலை. சுருக்கழுத்தம், விரிவழுத்தம் என்பன நூலுக்கு நல்ல சொற்கள். பாட்டிக்கு மேல் எண், கீழ் எண் என்பதே போதும். மேலே சொன்ன முறையைப் பத்து வரியில் பெரிய எழுத்தில் எழுதுவித்து, மாணவர் வீட்டுக்குக் கொண்டுசென்று பாட்டியை நாற்காலியில் அமர்த்திப் பழக்கினால் அது நலக்கல்விப் பாடமும் ஆகும், எழுத்துப் பயிற்சியும் ஆகும்.

அப்பத்து வரியில் இதுவும் இடம்பெறட்டும்: முதல் எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டா. ஓரிரு நிமிடம் பொறுத்து மீண்டும் அளந்து, இரண்டு எண்களையும் தாதியிடம் காட்டுக. இரண்டாம் முறையும் மேல் எண் 180-ஐத் தொட்டால் வரிசையில் காத்திராமல் உடனே எழுந்து சொல்லுக.