கடல்நீரை வடிக்கும் சவ்வு

உப்புநீரையும் நன்னீரையும் ஒரு சவ்வினால் பிரித்து வைத்தால், நன்னீர் தானாகவே உப்புநீருக்குள் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். உப்புநீரின்மீது போதிய அழுத்தம் செலுத்தினால் போக்கு எதிர்த்திசையில் திரும்பும். நீர் வெளியேறும், உப்புத் தங்கிவிடும். கடல்நீருக்கு இவ்வழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டலங்களை மிஞ்ச வேண்டும்.

தத்துவம் எளிது, தக்க சவ்வுதான் கிடைக்கவில்லை. செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பாலிமரின் ஏடு உப்பைத் தடுத்தது. ஆனால் நீரும் சொட்டுச் சொட்டாகவே வந்தது. ஏட்டை மெலிதாக்கினால் நீர் பெருகும். ஆனால் அழுத்தத்தில் கிழிந்துவிடுமே! என்ன செய்வது?

1960ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் வழி கண்டனர். அவர்களது சவ்வின் ஒருபுறம் மட்டும் மிக மெல்லிய, நெருக்கமான படலம். அதன் அடியில் நுண்துளைகள் நிறைந்த தடித்த பகுதி. படலம் உப்பைத் தடுக்கிறது. அடிப்பகுதி படலத்தைத் தாங்குகிறது. 1965இல் அம்மாநிலத்தின் கோலிங்கா நகரில் உவர்நீர் இம்முறையில் குடிநீராயிற்று.

இன்று பெரும்பாலும் பாலிஅமைடு படலங்களே பயன்படுகின்றன; தாங்கும் அமைப்பு மாறவில்லை. சென்னையை அடுத்த நெம்மேலியில் 2013இல் தொடங்கிய ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

ஆனால் அழுத்தத்திற்கு மின்சாரம் வேண்டும். அடர்ந்த உப்புநீரும் மிஞ்சும். கதிரவனோ கடல்நீரைச் செலவின்றி வடித்து மழையாகத் தருகிறான். அதை ஏரியில் தேக்காமல் கடலுக்கு அனுப்பிவிட்டு, மீண்டும் பிழிந்தெடுப்பது எவ்வளவு வீண் செலவு என்று எண்ணிப் பாருங்கள்!